பதினேழாவது நிழல் வீடு

தனராஜ் ஒரு நகவெட்டி வாங்கினார். அதன் விலை முப்பத்தைந்து ரூபாய். அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்க ‘விரைவாசல்’ கம்பெனி ஒரு பைசாகூடக் கேட்கவில்லை.

“பக்கத்து வீட்டு ஞானையாவுக்கு ஐந்நூறு ரூவாய்க்கு மேல வாங்கினாத்தான் டெலிவரி இலவசம். நமக்கு நகவெட்டிக்கே இலவசம்” என்று மனைவியிடம் போனைக் காட்டினார். “மூத்த குடிமக்கள் சலுகையா இருக்கும்.”

“ஞானையாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. அவரு என்ன, பள்ளிக்கூடத்துலயா படிக்காரு?” என்றாள் சுகிர்தம்.

தனராஜ் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுகிர்தம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் முப்பது வருஷம் குடுவை கழுவி, அமிலம் அளந்து, பிள்ளைகளைத் தீயிலிருந்து காத்தவள். ஓய்வுக்குப் பிறகு அவளுக்கு ஜெபக் கூட்டமும், அவருக்குப் போனும் துணையாயின. தினமும் ஏதாவது ஒன்று வாங்குவார். ஒரு நாள் சுவர்க் கொக்கி, மறுநாள் அந்தக் கொக்கியில் மாட்ட ஒரு பை.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. காலை எட்டு மணிக்கு வேண்டும் என்று எத்தனை தடவை போட்டாலும் பொருள் நண்பகலில்தான் வந்தது. தெருவில் மற்றவர்களுக்கு விடிந்ததும் ட்ரோன் வந்து மொட்டைமாடியில் இறக்கிவிட்டுப் போகும். இவர்கள் வீட்டுக்கு மட்டும் ஆள்தான் வரும், அதுவும் உச்சி வெயிலில்.

அந்த வருஷம் மே மாதம் நிழலிலேயே நாற்பத்தாறு டிகிரி அடித்தது. நாற்பத்திரண்டுக்கு மேல் ட்ரோன் பறக்கக் கூடாது, பாட்டரி கெட்டுவிடும் என்பது கம்பெனியின் விதி. அதனால் பதினோரு மணிக்கு ட்ரோன்கள் குளிரூட்டிய கூடத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு மனிதர்கள் கிளம்புவார்கள்.

சரியாகப் பன்னிரண்டு அடிக்கும்போது இசக்கியம்மாள் கேட்டைத் தட்டினாள். முப்பத்தாறு வயது. முகத்தைச் சுற்றித் துப்பட்டா, தலைக்கு மேல் ஹெல்மெட், முதுகில் அவளைவிட அகலமான பை.

“சார், உங்க புதையல் வந்திருக்கு” என்று நகவெட்டி இருந்த பெட்டியை நீட்டினாள். அந்தப் பெட்டியில் ஒரு தேங்காய் வைக்கலாம்.

“வா, உள்ள வா. முதல்ல குடி” என்றாள் சுகிர்தம்.

இசக்கி குடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்து, முகம் கழுவிய ஈரத்தோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். பிறகுதான் செம்பை வாங்கினாள். உப்பும் கொஞ்சம் சீனியும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர். எத்தனை கிராம் உப்பு என்பது ஆய்வகக்காரிக்குத் தெரியும்.

இசக்கியின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருந்தது. உடம்பில் எவ்வளவு நீர் இருக்கிறது, இதயம் எப்படித் துடிக்கிறது, சூடு எவ்வளவு என்று அது நிமிஷத்துக்கு நிமிஷம் கம்பெனிக்குச் சொல்லும். நன்றாக இருந்தால் பச்சை. தளர்ந்தால் மஞ்சள். சிவப்பு வந்தால் சட்டப்படி ஆளை நிறுத்தி, குளிர் அறையில் இருபது நிமிஷம் உட்கார வைக்க வேண்டும். வெயிலில் பலர் செத்த பிறகு வந்த சட்டம் அது.

அவள் செம்பைக் காலி செய்தபோது மஞ்சள் மெல்லப் பச்சையாயிற்று.

“பாத்தீயளாம்மா? உங்க வீட்டுத் தண்ணியோட அரும இதுக்கே தெரியுது.”

“காலையில இருந்து எதுவும் குடிக்கலியாட்டி?”

“குடிச்சா ஒதுங்க இடம் வேணுமேம்மா. ஆம்பளைய எங்கயும் நிப்பாவ. நான் ஏழு மணிக்குப் பெட்டி பிரிக்கக் கெளம்பையில வாயக் கட்டுனா உங்க வீட்டுலதான் அவுப்பேன்.”

“குளிர் அறை இருக்கும்பாவளே?”

“அதெல்லாம் மூடி ஆறு மாசம் ஆச்சு. யாருக்கும் சிவப்பே வரதில்லயாம். அப்புறம் எதுக்கு வாடகைன்னு மூடிட்டாவ.” எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். “சார், நாளைக்கு என்ன வாங்கியிருக்கீய? சொல்லிட்டா நானும் ஆசையா இருப்பேன்.”

“காது குடையுறது” என்றார் தனராஜ் வெட்கத்தோடு.

“நல்லது. வீட்டுல சொல்லுறது உங்களுக்குக் கேக்கட்டும்.”

அவள் போன பிறகும் சுகிர்தம் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு செம்புத் தண்ணீரில் ஒருத்தியின் நாள் பாரத்தைப் பாதியாகக் குறைக்க முடிகிறது என்பது அவளுக்குக் கர்த்தர் கொடுத்த ஓய்வூதியம் போலத் தோன்றியது. காலை ஜெபத்தில் பிள்ளைகளின் பேருக்குப் பிறகு இசக்கியின் பேரையும் சொல்லிவந்தாள்.

மே மூன்றாம் வாரம் தனராஜின் சொந்த ஊர்க் கோயிலில் அசனப் பண்டிகை. ஊரே ஒன்றாகச் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். வெளியூரில் இருப்பவர்கள் எல்லாரும் போயாக வேண்டும். சனிக்கிழமை இசக்கி வந்தபோது சுகிர்தம் சொன்னாள்.

“ஞாயிறு, திங்கள், செவ்வாய் நாங்க இருக்க மாட்டோம். நீ பயப்படாத. கேட்டுக்கு வெளிய பானையில தண்ணி வச்சிட்டுப் போறேன். உப்பு, சீனி எல்லாம் பொட்டலமா கட்டிப் பக்கத்துல வைக்கேன். தினமும் தண்ணி மாத்த ஞானையாகிட்ட சொல்லியிருக்கேன்.”

இசக்கி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருந்தது. தனராஜ் அங்கே நின்றிருந்தார்.

“சரிம்மா. நல்லபடியா போய்ட்டு வாங்க” என்றாள்.

புதுப் பானை. வாயில் ஈரத்துணி. மேலே தட்டு, தட்டின் மேல் டம்ளர். கேட்டைப் பூட்டும்போது சுகிர்தம் அதைத் திரும்பிப் பார்த்தாள். நாம் இல்லாதபோதும் நம் கை வேலை செய்யும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

திங்கட்கிழமை நண்பகல் கோயில் வளாகத்தில் ஓலைப்பாயில் மலைபோல் சோறு குவித்திருந்தது. போதகர் ஐயர் ஜெபம் பண்ணினார். காரில் வந்தவரும் மாடு மேய்ப்பவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். சுகிர்தத்தின் இலையில் கிடாக்கறிக் குழம்பு ஓடியது. அந்த நேரத்தில்தான் அவள் வீட்டு வாசலில் இசக்கி விழுந்தாள்.

புதன்கிழமை காலை ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஞானையா வேலியோரம் வந்து நின்றார்.

“அந்தப் பிள்ள உங்க கேட்டப் பிடிச்ச மாதிரியே கெடந்துச்சு. நான் உள்ள உறங்கிட்டேன், சத்தம் கேக்கல. பொருள் போய்ச் சேரலன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சு, பையை எடுக்க இன்னொருத்தன அனுப்புனாவ. பையை எடுக்க வந்தவன்தான் ஆளப் பாத்தான். இருவது நிமிஷத்துக்கு மேல வெயில்ல கெடந்திருக்கா.”

“பானையில தண்ணி…”

“முழுசா இருந்துச்சு. நான் காலையில ஊத்துன தண்ணி அப்படியே.”

சுகிர்தம் பையைக் கீழே வைக்கவில்லை. அதே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனாள்.

இசக்கிக்கு உயிர் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள். இனி வாரத்துக்கு மூன்று தடவை என்றார் நர்ஸ். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு அவர் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“உங்க வாசல்ல போய் விழுந்து உங்களுக்குச் சங்கடத்தக் குடுத்துட்டேன்” என்றாள் இசக்கி. அதுதான் அவள் முதலில் சொன்னது.

“ஏன்ட்டி குடிக்கல? உனக்குத்தானே வச்சேன்?”

இசக்கி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “ஞாயித்துக்கிழம குடிச்சேம்மா. மூணு டம்ளர். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் ஒதுங்க இடமில்லாம… தெருத் தெருவா அலைஞ்சேன். கடைசியில உடுப்பு நனஞ்சு போச்சு. அப்படியே அஞ்சு வீட்டுக்குப் பெட்டி குடுத்தேன். மறுநாள் பானையப் பாத்தேன். கைய வைக்கத் தைரியமில்ல.”

சுகிர்தம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பியபோது தண்ணீரை நினைத்தாள், உப்பை நினைத்தாள், ஈரத்துணியை நினைத்தாள். கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறது என்பதையும், வீட்டுச் சாவி தன் இடுப்பில் இருந்தது என்பதையும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை ஆல்வின் வந்தான். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன், விரைவாசலில் வழித்தட மேற்பார்வை வேலை. தாடையில் வியர்வை. கையில் ஒரு தொடுதிரை டேப்.

“ஆன்ட்டி, உங்ககிட்ட ஒரு கையெழுத்து. ஒரே கேள்விதான். ஆமா, இல்லைன்னு தொட்டாப் போதும்.”

சுகிர்தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். சம்பவ நாளன்று உங்கள் வாசலில் குடிநீர் வைக்கப்பட்டிருந்ததா?

“எதுக்கு இது?”

“அந்தக்கா மருத்துவச் செலவு கேட்டு மனு போட்டிருக்காங்க. கம்பெனி சைடுல…” அவன் நிறுத்தினான். “பையில கேமரா இருக்கும் ஆன்ட்டி. பானை, டம்ளர் எல்லாம் தெளிவா பதிவாயிருக்கு. தண்ணி இருந்தும் குடிக்காதது ஊழியரோட தவறுன்னு எழுதப் போறாங்க. நீங்க ஆமான்னு சொன்னா முடிஞ்சிரும்.”

“நான் அவளுக்கு வச்ச தண்ணிய அவளுக்கு எதிரா சாட்சி சொல்லச் சொல்லுதியளா?”

தனராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருடே. பட்டை இருக்கே, அது என்ன செஞ்சுது? சிவப்பு காட்டலியா?”

“காட்டியிருக்கணும். நிறுத்தி வச்சிருக்கு.”

“நிறுத்தி வச்சிருக்கா?”

ஆல்வின் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு டேப்பில் வேறொரு பக்கத்தைத் திறந்தான். பாளையங்கோட்டையின் வரைபடம். அதில் நீலப் புள்ளிகள்.

“இதுக்கு நிழல் வீடுன்னு பேரு. யாரும் உக்காந்து யோசிச்சுச் செய்யல ஆன்ட்டி, அதுதான் கொடுமை. வழி போடுற இயந்திரத்துக்கு ஒரே ஒரு கட்டளை. ஆளுங்களுக்குச் சிவப்பு வராம பாத்துக்கோ. அது ரெண்டு வருஷமா எல்லார் பட்டையையும் பாத்துச்சு. சில வீட்டு வாசல்ல மட்டும் மஞ்சள் பச்சையாகுது. ஏன்னு அதுக்குத் தெரியாது. தண்ணின்னு தெரியாது, உங்களத் தெரியாது. அங்க போனா பச்சையாகும், அவ்வளவுதான். அதனால மஞ்சளாகுற நேரத்துல ஆள அந்த வீட்டுப் பக்கம் திருப்பிவிடும். ஊருக்குள்ள இப்படி அறுபத்தோரு வீடு. உங்களுது பதினேழு.”

“அதனாலதான் குளிர் அறைய மூடுனாவளா?”

“தேவைப்படலயே.”

“எங்களுக்கு மத்தியானம் மட்டும் ஏன் வருதுன்னு…” தனராஜ் ஆரம்பித்தார்.

“காலையில ட்ரோன்ல அனுப்பிட்டா, மதியம் ஆள உங்க வாசலுக்கு அனுப்பக் காரணம் இல்லையே அங்கிள். நீங்க தினமும் எதையாவது வாங்கணும். அதுக்குத்தான் உங்களுக்கு நகவெட்டிக்கும் டெலிவரி இலவசம்.”

தனராஜ் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“அன்னிக்கு நாங்க எதுவும் வாங்கலியே?” என்றாள் சுகிர்தம்.

“எதிர் வீட்டுக்கு ஒரு பெட்டி இருந்திருக்கு. அது போதும். அவங்க பட்டை உங்க கேட்டுக்கு முன்னால சிவப்பைத் தொட்டுச்சு. ஆனா அதே இடத்துல முந்தி இருநூறு தடவைக்கு மேல பச்சையாகியிருக்கு. அதனால இப்பவும் ஆகும்னு நெனச்சு இயந்திரம் எச்சரிக்கைய நிறுத்தி வச்சுது. காத்திருந்துச்சு ஆன்ட்டி. நீங்க வந்து கதவத் தொறப்பீங்கன்னு.”



சுகிர்தம் எழுந்து உள்ளே போனாள். ஜெபக் குறிப்பு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்து, மேஜையில் வைத்து எழுதினாள். ஆய்வகத்தில் புட்டிகளுக்குச் சீட்டு எழுதும் அதே நிதானமான கையெழுத்து.

*தண்ணீர் வைத்தேன். கழிப்பறையைப் பூட்டினேன். தண்ணீர் குடித்த பெண் எங்கே ஒதுங்குவாள் என்று நான் நினைக்கவில்லை. கம்பெனியும் நினைக்கவில்லை. நான் மறந்தது மூன்று நாள். கம்பெனி என் வீட்டைத் தன் குளிர் அறையாக வைத்துக்கொண்டது ஆறு மாதம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூட்டியிருக்க மாட்டேன்.*

“இத சேத்துக்கோ. அப்புறம் ஆமான்னு தொடுதேன். பொய் சொல்ல எனக்கு வராது.”

“தாள் சேக்க இடமில்ல ஆன்ட்டி. ஆமா, இல்லை மட்டும்தான்.”

“ஆல்வின், போன ஞாயிறு நீ தனியா ஒரு பாட்டுப் பாடுன. என் பக்கத்துல ஒரு அம்மா அழுதாவ. நல்லா பாடுன. அத மட்டும் சொல்லணும்னு இருந்தேன்.”

அவன் அவளைப் பார்த்தான். தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான்.

அந்தத் தாள் தொழிலாளர் நல அதிகாரியின் மேஜைக்கு எப்படிப் போயிற்று என்று கம்பெனி ஒரு மாதம் விசாரித்தது. ஆல்வினை ஓசூர்க் கிடங்குக்கு மாற்றினார்கள். இசக்கியின் டயாலிசிஸ் செலவை, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், மனிதாபிமான அடிப்படையில் ஏற்பதாக ஒரு கடிதம் வந்தது. மனிதாபிமானம் என்ற சொல்லை வாசிக்கும்போது சுகிர்தத்துக்கு வாய் கசந்தது. ஆனாலும் ஸ்தோத்திரம் சொன்னாள். சிறியதை வாங்கிக்கொள்ளாமல் இருக்க ஏழைக்கு வசதி இல்லை.

இன்னொரு கடிதம் அவள் பேருக்கு வந்தது. தங்கள் கோரிக்கையை மதித்து, தங்கள் வீட்டை வழித்தடத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம்.

அவள் அப்படிக் கோரவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து தனராஜ் வாங்கும் எதற்கும் டெலிவரி நாற்பது ரூபாய். அவர் வாங்குவதையே விட்டுவிட்டார். பன்னிரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. சுகிர்தம் வழக்கம்போலச் செம்பைக் கலக்கி வைப்பாள். ஒரு மணிக்கு அவளே குடிப்பாள். செவ்வாய், வியாழன், சனி இசக்கியோடு மருத்துவமனைக்குப் போவாள். இசக்கிக்கு இப்போது ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அனுமதி. “அப்போ இடமில்லாம குடிக்கல. இப்போ இடம் இருக்கு, குடிக்கக் கூடாதாம்” என்பாள். சுகிர்தத்துக்குச் சிரிப்பு வராது. இசக்கிதான் சிரிப்பாள்.

செப்டம்பரில் ஒரு நாள், வெயில் இன்னும் இறங்கவில்லை. எதிர் வீட்டுச் சுவரோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். புதியவள், ஐம்பது வயதிருக்கும். பை முதுகை வளைத்திருந்தது. கைப்பட்டை மஞ்சள். அந்த மஞ்சள் சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சுகிர்தம் ஜன்னலில் நின்று பார்த்தாள். கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பட்டை பச்சையாகும். இயந்திரம் அதைக் கவனிக்கும். கூப்பிடாவிட்டால் சிவப்பாகும்; சட்டப்படி அவளை நிறுத்தி உட்கார வைக்க வேண்டும். எங்கே? குளிர் அறை எதுவும் திரும்பத் திறக்கவில்லை. தெருவில், அந்தச் சுவரோரத்தில்தான்.

கேட்டைத் திறந்தாள். “உள்ள வாங்க.”

“உங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்லியேம்மா” என்றாள் அந்தப் பெண். “இந்த வீடு லிஸ்ட்ல இல்ல.”

“லிஸ்ட்ல இல்ல. வீடு இங்ஙனதான் இருக்கு. உள்ள போய் இடது பக்கம். போய்ட்டு வந்து குடிங்க.”

சாயங்காலம் தனராஜின் போன் ஒலித்தது. அவர் வாசித்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

வாழ்த்துகள். இன்று முதல் உங்களுக்கு எல்லாப் பொருட்களுக்கும் டெலிவரி இலவசம்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். குளிர்காலத்திலும் வந்தார்கள். பங்குனியில் நான்கு பேர் ஆனார்கள். தனராஜ் எதுவும் வாங்கவில்லை. தெருவில் யாராவது வாங்கியிருந்தார்கள்.

மறுபடியும் மே வந்தது. அசனத்துக்கு அழைப்பு வந்தது. தனராஜ் பழைய பெட்டியைத் துடைத்து எடுத்தார்.

“சனிக்கிழமையே கிளம்பிருவோமா?”

சுகிர்தம் மேஜையில் செம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் அளந்து உப்புப் போட்டாள்.

“நீங்க போய்ட்டு வாங்க.”

“முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு அசனம்கூட விட்டதில்லயே நீ. ஞானையாகிட்டச் சாவியக் குடுத்துட்டு வா.”

“அவரு மதியம் உறங்கிருவாரு.”

“ஒரு மூணு நாள், சுகிர்தா.”

“மூணு நாள்தான்” என்றாள். கடைசிச் செம்பில் கரண்டியை விட்டுக் கலக்கினாள். “ஐயருகிட்டச் சொல்லுங்க, எனக்கு லீவு கெடைக்கலன்னு.”

வெளியே கேட்டின் கொண்டி சத்தம் போட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.